உஷார்! நீங்கள் சொல்லாவிட்டால் கல்யாண மண்டபம் சொல்லிவிடும்

பந்தியில் மூன்றாவது வரிசை. ரசம் வந்துகொண்டிருக்கிறது. எதிர் இலையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மா ஒருத்தர் உங்கள் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம், "இதான் அவங்க எடுத்து வளர்க்கிற பொண்ணா? நல்ல கலரா இருக்கே!" என்கிறார். குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார். நம் ஊர்ப் பெரியம்மாக்கள் குரலைத் தாழ்த்தினால் நாலு இலை தள்ளிக் கேட்கும்.

உங்கள் மகளுக்கு வயது பதினொன்று. அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நிற்கிறது.

தத்தெடுத்த பெற்றோர் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இந்தக் கதை ஏதாவது ஒரு வடிவத்தில் வந்தே தீரும். சிலருக்கு மண்டபம், சிலருக்குப் பள்ளிக்கூட வேன், சிலருக்கு மாமியார் வீட்டுச் சண்டை. நானும் தத்தெடுத்தவள்தான். பக்கத்து வீட்டு ஜன்னலில் புகை தெரிந்தால் கதவைத் தட்டுவோம் இல்லையா, அந்த அவசரத்தில் இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் குழந்தை தத்துப் பிள்ளை என்று யார் யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு விசாரிக்க வந்த சமூகப் பணியாளருக்கு. 'இவர்கள் நல்ல மனிதர்கள்' என்று கடிதம் கொடுத்த நண்பர்களுக்கு. லீவு எழுதிக் கொடுத்த ஆபீசுக்கு. குழந்தை டாக்டருக்கு. இரண்டு பக்கத்துப் பாட்டிகளுக்கு, ஆகவே அவர்கள் ஊருக்கு. மாசமாகவே இல்லாத பெண் ஒரு நாள் ஆட்டோவிலிருந்து குழந்தையோடு இறங்கியதைப் பார்த்த தெருவுக்கு. எப்படியும் ஐம்பது பேர் தேறுவார்கள். தெரியாத ஒரே ஆள் அந்தக் குழந்தை. ஐம்பது பேர் வாயையும் கட்டிப்போட்டு இருபது வருஷம் ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறீர்களே, அந்தத் துணிச்சலை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

"நேரம் வரும்போது சொல்லிக்கலாம்" என்பார்கள். முதலில் விவரம் தெரியட்டும். விவரம் தெரிந்ததும், பத்தாவது முடியட்டும். அப்புறம் பன்னிரண்டாவது, நீட், காலேஜ், வேலை. கடைசியில் கல்யாணம் நல்லபடியாக முடியட்டும். கல்யாணம் முடிந்தால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று இன்னொரு பயம் முளைக்கிறது.

சினிமாவும் நம்மைக் கொஞ்சம் கெடுத்து வைத்திருக்கிறது. 2002-ல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அமுதாவுக்கு ஒன்பதாவது பிறந்த நாளன்று விஷயத்தைச் சொல்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அழுகை வரும். கதைக்கு அப்படி ஒரு நாள் வேண்டும்; அந்த நாள் இல்லையென்றால் படமே இல்லை. வீட்டில் அப்படி ஒரு நாள் இருக்கவே கூடாது. "எனக்கு எப்பம்மா சொன்னீங்க?" என்று பிள்ளை கேட்டால், "எப்படா சொல்லாம இருந்தோம்?" என்று பதில் வர வேண்டும்.

மண்டபத்துக்கே போகாமல் இருந்துவிடலாம் என்று பார்க்கிறீர்களா? உங்கள் மகனின் பள்ளி அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயர், வகுப்பு, விலாசம், அப்பாவின் செல் நம்பர். கீழே ரத்த வகை. அங்கே ஏ.பி. பாசிட்டிவ் என்று இருக்கிறது, அப்பாவின் டிரைவிங் லைசென்சில் ஓ பாசிட்டிவ் என்று இருக்கிறது என வையுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் ரத்த வகைகள் வந்துவிடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அவை அப்பா அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு எப்படி இறங்குகின்றன என்பதும் வருகிறது. ஓ வகை அப்பாவுக்கு ஏ.பி. வகைப் பிள்ளை பிறக்காது. அப்பா அம்மா இரண்டு பேருமே ஓ என்றால் பிள்ளை ஏ-யாகவும் இருக்காது, பி-யாகவும் இருக்காது. 1952-ல் பம்பாயில் கண்டுபிடித்த 'பாம்பே' ரத்த வகை மாதிரி அபூர்வமான விதிவிலக்குகள் உண்டுதான். ராத்திரி பத்து மணிக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே அப்பாவின் பர்சிலிருந்து லைசென்சை உருவிப் பார்க்கிற பையனுக்கு அந்த விதிவிலக்கு ஞாபகம் வராது. அவன் ஆல்பத்தைப் புரட்டுவான். கல்யாணப் படம் இருக்கும், வளைகாப்புப் படம் இருக்காது. ஆஸ்பத்திரியில் எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. யாரிடமும் எதுவும் கேட்காமல் ஆல்பத்தை மூடி வைத்துவிடுவான். அந்தப் பையன்களை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

டாக்டரிடம் போனால், "வீட்ல யாருக்காவது சர்க்கரை, ஆஸ்துமா உண்டா?" என்று கேட்பார். விவரம் தெரியாத பிள்ளை சம்பந்தமே இல்லாத ஒரு பரம்பரையின் வியாதிகளை ஒப்பித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் வீட்டில் நடந்த சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அப்போது நாலு வயது. கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறோம். குருக்கள் "பேரு, நட்சத்திரம்?" என்றார். எங்களிடம் இருந்த தாளில் பிறந்த தேதியே டாக்டர் உத்தேசமாகக் கணித்துப் போட்டது. பின்னால் வரிசை நிற்கிறது. என் வாய் "ரோகிணி" என்றது. ரோகிணி என் அம்மாவின் நட்சத்திரம். அந்த நேரத்துக்கு நாக்கில் வந்தது அதுதான். மறு மாதம் என் மாமியார் காலண்டரில் ரோகிணியைச் சுழித்து வைத்துவிட்டார். அப்புறம் வருஷா வருஷம் ரோகிணிக்குச் சர்க்கரைப் பொங்கல். எட்டு வயதில் ஒரு நாள் தலை பின்னும்போது மகள் கேட்டாள்: "நான் ராத்திரி பொறந்தேனா, பகல்லயா?"

"தெரியாதுடா கண்ணு. நீ பொறந்தப்ப நான் அங்க இல்லையே."

"அப்ப ரோகிணின்னு மட்டும் எப்படித் தெரியும்?"

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. தத்துப் பிள்ளை என்பதைத் தொட்டிலிலேயே சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அதற்குள்ளேயே ஒரு பொய் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து வருஷா வருஷம் பொங்கல் தின்றிருக்கிறது. இப்போதெல்லாம் "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்கிறோம். நாளைக்கு ஜாதகம் கேட்பார்களே என்று இப்போதே ஒரு நாழிகையை ஊகித்து நோட்டில் எழுதி, மஞ்சள் தடவி வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்த நோட்டைக் கிழித்துப் போடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியிலிருந்து தத்தெடுத்தவர்களிடமாவது ஃபைல் என்று ஒன்று இருக்கும். உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கிய வீடுகள்தான் வெடிமருந்துக் கிடங்கு. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, தம்பிக்கு மூன்றாவதும் பையன். தூக்கிக் கொடுத்துவிட்டார். நல்ல மனசுதான். பெற்றவர் மாமாவாகிறார், பெற்றவள் அத்தையாகிறாள். யாரும் பேசக் கூடாது என்று தாத்தா சத்தியம் வாங்கிக்கொள்கிறார். நாலு வருஷம் கழித்து அந்தத் தம்பிக்கு ஒரு பெண் பிறக்கிறது. உறவு முறைப்படி அவள் இந்தப் பையனுக்கு மாமன் மகள். தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது, விவரம் தெரியாத சித்தப்பா ஒருவர், "என்னடா மாப்ள, உன் முறைப்பொண்ணு வந்துட்டா போல!" என்று வாரி விடுகிறார். விவரம் தெரிந்த ஏழு பேர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் அவனுடைய கூடப்பிறந்த தங்கை.

1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் 12-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பிறந்த குடும்பத்திலேயே இருந்திருந்தால் யாரை மணக்க முடியாதோ, அவரைத் தத்துப் போன பிறகும் மணக்க முடியாது. சட்டம் எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். தான் தத்துப் போனதே தெரியாத பையனுக்கு அந்தப் பிரிவால் என்ன பிரயோஜனம்?

கர்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். உன்னைப் பெற்றவள் இன்னார் என்று அவனிடம் சொல்ல வந்தவர்கள் கண்ணனும் குந்தியும். அதுவும் போர் வாசலில் நிற்கும்போது. இருவருக்குமே அவனிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. நம் வீடுகளிலும் தாமதமாக உண்மையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களின் கையைப் பாருங்கள். பாகப்பிரிவினைக் கணக்கு இருக்கும், அல்லது நிச்சயமான கல்யாணத்தைக் கலைக்கிற எண்ணம் இருக்கும். முறையாகத் தத்தெடுத்த பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்கு உள்ள அத்தனை உரிமையும் சட்டப்படி உண்டு, ஆனால் "நீ யாருடா பங்கு கேக்க?" என்று கூடத்தில் நின்று ஒருவர் கத்துகிற நிமிஷத்தில் அந்த உரிமை எதையும் தாங்கிப் பிடிக்காது. காரியம் எதுவும் இல்லாமல் அந்த உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அம்மாவும் அப்பாவும்.

சரி, எப்படிச் சொல்வது?

கைக்குழந்தையிடமே ஆரம்பியுங்கள். அதற்குப் புரியாது, அதுதான் வசதி. ஒத்திகை உங்களுக்கு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, "உன்னைக் கூட்டிட்டு வர அன்னைக்கு என்ன மழை தெரியுமா, அப்பா கார் சாவியையே தொலைச்சிட்டாரு" என்று கதை போல ஓடட்டும். 'தத்து' என்ற வார்த்தையைக் குரல் நடுங்காமல் சொல்லப் பெரியவர்களுக்கு ஆறு மாதமாவது ஆகும். குழந்தைக்குப் புரிய ஆரம்பிக்கிற வயதில் உங்கள் நடுக்கம் தீர்ந்திருக்க வேண்டும். நாம் என்ன சொன்னோம் என்பதை மறந்தாலும் நம் முகம் போன போக்கைப் பிள்ளைகள் மறப்பதில்லை.

முதல் கண்டம் மூன்று, நாலு வயதில். பக்கத்து வீட்டு அக்கா மாசமாக இருப்பாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "நானும் உன் வயித்துல இருந்தேனா?" என்று கேட்கும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அரை நொடியில் "ஆமாண்டா" என்று வந்துவிடும். அந்த ஒரு "ஆமா"வைத் திரும்ப வாங்கப் பத்து வருஷம் ஆகும். "இல்லடா, நீ வேற ஒரு அம்மா வயித்துல இருந்த. அப்புறம் நாங்க வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தோம்." இவ்வளவு போதும். கேட்டுவிட்டு விளையாடப் போய்விடும்.

இரண்டாவது கண்டம் ஆறு, ஏழு வயதுக்கு மேல். நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்றால் அங்கே யாரோ கொடுத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கும். "ஏன் குடுத்தாங்க?" என்று கேட்கும். இதற்கு நாம் சொல்லும் இனிப்பான பதில்கள் எல்லாமே ஆபத்தானவை. "உன் மேல அவ்ளோ பாசம், அதான் குடுத்தாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாசம் இருந்தால் கொடுத்துவிடுவார்கள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். நீங்களும்தானே பாசமாக இருக்கிறீர்கள்? "ரொம்ப ஏழைங்க, அதான்" என்று சொன்ன வீடு ஒன்றில், மாசக் கடைசியில் அப்பா "இந்த மாசம் தவணைக்கே காசில்ல" என்று போனில் பேசியதைக் கேட்ட பையன், தன் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து அவர் மடியில் கொட்டியிருக்கிறான். எல்லாரும் சிரித்தார்களாம். அவன் சிரிக்கவில்லை. "உங்கம்மா செத்துப்போயிட்டா" என்பது அதைவிட மோசம். சாகாத ஒருத்தியைச் சாகடித்துவிட்டு, பின்னால் அவள் உயிரோடு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

தெரிந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "அது எங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா உன்னால இல்ல, எந்தக் குழந்தையும் அதுக்குக் காரணமா இருக்க முடியாது" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அழுதால் அழட்டும்.

சேலத்தில் 1992-ல் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் பல வீடுகளின் கதைக்குத் தொடக்கம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசாங்கம் தொட்டில் வைத்தது என்பது வரலாறு. அதற்காக, "உன்னைக் கொன்னுருப்பாங்க, நாங்கதான் காப்பாத்தினோம்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல நாம் யார்? தொட்டிலில் கொண்டுவந்து வைத்த கை, காப்பாற்றிய கைதானே? "குடுத்து வெச்ச குழந்தை" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கன்னத்தைக் கிள்ளுவதையும் நிறுத்தியாக வேண்டும். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் கடன் பத்திரம். மார்க் குறைந்த அன்றைக்கு, "எங்கேருந்து வந்த புத்தியோ" என்று வட்டியோடு வசூலாகும்.

இன்னொன்று, நம் ஊர்க் கேலி. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லி அழவைக்கப்படாத தமிழ்ப் பிள்ளை உண்டா? பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்குகிற சடங்கிலிருந்து வந்த பேச்சு அது. பிச்சை, குப்புசாமி என்று பெயர் வைத்ததும் அதே பயத்தில்தான். சாவை ஏமாற்றச் செய்த தந்திரம், இன்று அண்ணன் தங்கையைச் சீண்டுகிற கேலியாகக் கிடக்கிறது. மற்ற வீட்டில் கேலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். தத்துப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வருகிற அத்தை பிள்ளைகளிடம் வாசலிலேயே சொல்லி வையுங்கள்: அந்த வார்த்தை இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.

இனி எதிர்ப்பக்கத்து ஆபத்து. பிள்ளையிடம் சொல்லுங்கள் என்றால் ஊரிடமும் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தையைப் பற்றிய ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை எல்லாம் கைக்கு வந்த அன்றே நாத்தனாருக்குப் படித்துக் காட்டியாகிவிடும். "பெத்தவ காலேஜ் படிக்கிற பொண்ணாம்" என்று தொடங்கினால் அது எங்கே போய் நிற்கும்? அந்தத் தாள்களில் இருக்கிற ஒவ்வொரு வரியும் பிள்ளையின் சொத்து. நீங்கள் கார்டியன், அவ்வளவுதான். கைவிடப்பட்ட குழந்தை என்றால், பெற்றோரைத் தேடி நாளிதழில் படத்தோடு விளம்பரம் கொடுத்திருப்பார்கள். பல பிள்ளைகளுக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் புகைப்படம். அதைத் தேடி எடுத்து ஃபைலில் வையுங்கள், ஃபேமிலி குரூப்பில் போடாதீர்கள். பெற்றவர்களே முறைப்படி ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாறித் திரும்பக் கேட்க அவர்களுக்குச் சட்டம் 60 நாள் கொடுத்திருக்கிறது. அந்த 60 நாள் என்று ஒன்று இருந்ததைப் பிள்ளையிடம் என்றாவது ஒரு நாள் சொல்ல வேண்டிவரும். தன் வேரைத் தேடிப் போகவும் விதிமுறை வழி வைத்திருக்கிறது: 18 வயது முடிந்தால் தானாகவே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் என்றால் தத்துப் பெற்றோரோடு சேர்ந்து. பெற்றவர்களின் அந்தரங்கத்தையும் அதே விதிமுறை காக்கிறது. மூன்றாம் மனிதருக்கு அங்கே இடமில்லை. துப்பறிகிறேன் என்று சித்தப்பாவை அனுப்பாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "எங்க கிட்ட ஃபைலே இல்லையே" என்று யாராவது முழித்தால், அவர்களுக்குத்தான் பெரிய உஷார். ஆஸ்பத்திரி ஆயா மூலமாக, புரோக்கர் மூலமாகப் பிள்ளை வாங்கி, பிறப்புச் சான்றிதழில் தங்கள் பெயரையே போட்டுக்கொண்ட வீடுகள் அவை. 2019-ல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் ஓர் ஆடியோ வெளியே வந்ததே, ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை என்று, ஞாபகம் இருக்கிறதா? 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-வது பிரிவில் குழந்தையை விற்றாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம். ஐந்து வருஷம் வரை கடுங்காவல். ஆஸ்பத்திரி ஆளே செய்தால் மூன்றிலிருந்து ஏழு வருஷம். ஜெயிலைக்கூட விடுங்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல உங்களிடம் ஒரு கதைகூட இருக்காது. 1980-களில் இலங்கையிலிருந்து நெதர்லாந்து போன குழந்தைகள் வளர்ந்து திரும்பி வந்து தேடியபோது பலருக்குக் கிடைத்தது பொய்த் தாள்கள்தான். சிலருடைய விஷயத்தில் தாய் என்று கையெழுத்துப் போட்டவளே நடிக்க வந்தவள் என்று 2017-ல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. இப்போது அவர்கள் எச்சிலைக் குழாயில் துப்பி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைக்குப் பதினைந்தாகிவிட்டது, இருபதாகிவிட்டது, இன்னும் சொல்லவில்லையா? நல்ல நாள் பார்க்காதீர்கள். பிறந்த நாள் வேண்டாம், விசேஷ வீடு வேண்டாம், பரீட்சைக்கு முந்தின வாரமும் வேண்டாம். விருந்தாளி இல்லாத சாதாரண ஞாயிற்றுக்கிழமை போதும். இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள். "உனக்காகத்தான் மறைச்சோம்" என்று ஆரம்பிக்காதீர்கள், அது உண்மையும் இல்லை. "எங்களுக்குப் பயமா இருந்துச்சு" என்று ஆரம்பியுங்கள். கத்தினால் கத்தட்டும், கதவைச் சாத்தினால் சாத்தட்டும். "எங்களை விட்டுப் போயிட மாட்டியே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். தாள்களைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆமாம், அந்தத் தாள்கள் எங்கே இருக்கின்றன? கோர்ட் உத்தரவோ, 2022 செப்டம்பருக்குப் பிறகு என்றால் கலெக்டர் கையெழுத்துப் போட்ட ஆணையோ, அந்த அறிக்கைகள், அந்தப் படம்? பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், பழைய ஜவுளிக்கடைப் பைக்குள் மடித்துத்தானே வைத்திருக்கிறீர்கள்? அடுத்த மாதம் முகூர்த்தம் இருக்கிறது. "அம்மா, அந்த மாம்பழக் கலர் பட்டு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே பீரோவைத் திறக்கப் போவது உங்கள் மகள்.